வன்தட்டில் கிடந்த ஏடுகள்

சென்ற மாதம் என் பழைய கணினி உயிர்விட்டது. எரிந்தது மதர்போர்டு மட்டுமே. பழுதுபார்ப்பவர் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினார். மறைந்த என் தந்தையார் சொல்லச் சொல்ல 2001இல் நான் தட்டெழுதிய ஊர்க்கதைகள் உட்பட எல்லாக் கோப்புகளும் மீண்டன. திறந்தால், திரை முழுதும் பொருளற்ற உரோமன் குறிகள்! எங்கள் வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள்தாம் நினைவுக்கு வந்தன. வடிவம் உண்டு; உயிர் இல்லை.

அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழெழுத்துகளைத் தன் விருப்பப்படி எண்ணிட்டு வைத்திருந்தது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. இணையத்திலோ திஸ்கியும் வழங்கியது. ஒருங்குறியில் 1991 முதலே தமிழ் இருந்தும், அரசு அதனைத் தரமாக ஏற்றது 2010இல்தான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் திஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற நேர்ந்தது.

என் பழைய எழுத்துரு எதுவெனத் தேடிக் கண்டு, கோப்புகளை மாற்றியில் இட்டேன். தந்தையாரின் சொற்கள் ஒவ்வொன்றாய்த் தமிழாயின.

செல்லரிக்குமுன் ஏட்டைப் புதிய ஏட்டில் படியெடுத்தனர் நம் முன்னோர். அப்பணி இன்னும் முடியவில்லை. உங்கள் பழைய கோப்புகளையும் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.