முதன்மை விழித்திரை நிணநீர்ப் புற்றுநோய்

விழித்திரையிலும், கண்ணுக்குள் நிறைந்துள்ள விட்ரியஸ் கூழ்மத்திலும் தோன்றும் அரிய புற்றுநோய். பெரும்பாலும் பி வகை நிணநீர்ச் செல்களில் உண்டாகிறது. 50 வயதைக் கடந்தவர்களையே அதிகம் தாக்குகிறது. பொதுவாகக் கண் சிவக்காது, வலிக்காது. பார்வை மங்கும், கண்முன் புள்ளிகள் மிதக்கும். யுவைடிஸ் என்னும் கண் அழற்சி என்றே பலமுறை கருதப்படுகிறது. ஸ்டீராய்டு கொடுத்ததும் சிறிது காலம் தணிந்துவிடுவது கொடுமையான ஏமாற்று. நோயறிதல் மாதக்கணக்கில் தள்ளிப்போவது இதனால்தான். விட்ரியஸை அறுவை மூலம் எடுத்து, நுண்ணோக்கியில் செல்களைப் பார்த்து உறுதிசெய்வர். எடுத்த விட்ரியஸில் இன்டர்லூக்கின்-10 என்னும் புரதத்தின் அளவு இன்டர்லூக்கின்-6 அளவை விஞ்சியிருப்பது துணைச் சான்று. கண்ணுக்குள் மெத்தோட்ரெக்சேட் ஊசி போடுவது முக்கியச் சிகிச்சைகளுள் ஒன்று. நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூளைக்கும் பரவுகிறது. உயிருக்கு ஆபத்து அங்கேதான். ஆகவே கண் தெளிந்த பிறகும் மூளைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.