விமானியின் நோயும் நிர்வாகத்தின் ஐயமும்

2009 செப்டம்பர் 8 அன்று ஜெட் ஏர்வேஸ் விமானிகள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் உடல்நலமில்லை என்று அறிவித்தனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நேஷனல் ஏவியேட்டர்ஸ் கில்டு என்ற சங்கத்தை அவர்கள் பதிவு செய்திருந்தனர். அம்முயற்சியில் முன்னின்ற இருவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அதை எதிர்த்து அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தத்துக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்திருந்தது. வேலைநிறுத்தத்தைத் தடுக்கலாம், ஒருவர் நோயுறுவதைத் தடுக்க எந்த ஆணையாலும் இயலாது என்பதே விமானிகளின் கணக்கு.

இக்கணக்கின் வேர் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருக்கிறது. அச்சட்டம் வான்வழிப் போக்குவரத்தைப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக வகைப்படுத்தியது. அத்தகைய சேவையில் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. முன்னறிவிப்புக் கொடுத்தாலோ, சமரச அலுவலர் கட்டாயமாகப் பேச்சு தொடங்க வேண்டும். பேச்சு நடக்கும் காலத்திலும் அது முடிந்த பின் ஏழு நாட்கள் வரையிலும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். ஆக, சட்டத்தை மதித்துக் கொடுக்கப்படும் அறிவிப்பே அவ்வேலைநிறுத்தத்தைத் தள்ளிப்போடும் கருவியாகிவிடுகிறது. வாசல் இவ்வளவு குறுகலாக இருக்கும் இடத்தில் மருத்துவ விடுப்பு ஒரு பக்கவழியாக மாறியதில் வியப்பில்லை.

பிற துறைகளில் இவ்வழியை அடைப்பது எளிது. நிறுவன மருத்துவர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் போதும். விமானியிடம் இது சிக்கலாகிறது. சிகாகோ உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு, தம் உடல்தகுதி குறைந்திருப்பதை அறிந்த உரிமதாரர் விமானத்தை இயக்கவே கூடாது என்கிறது. அந்த அறிவு முதலில் அவருக்கே உரியது. சளியால் காதின் உட்குழாய் அடைபட்ட ஒருவர் அலுவலகத்தில் நாள் முழுதும் வேலை செய்யலாம். விமானம் தரையிறங்குகையில் ஏறும் காற்றழுத்தம் அவரைத் துடிக்கச் செய்யும். உறக்கமின்மையையோ தலைசுற்றலையோ வாசலில் நின்று நாடி பார்த்து மறுக்க முடியுமா? ‘நோயில்லை’ என்று எழுதும் மருத்துவர், மறுநாள் அவர் பறக்கும் விமானத்தின் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கும்.

2012 மே மாதத்தில் ஏர் இந்தியா அதைத்தான் செய்து பார்த்தது. 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் நடந்த இணைப்புக்குப் பின், புதிய போயிங் 787 விமானங்களுக்கான பயிற்சி யாருக்கு என்ற பூசல் முற்றி, இந்தியன் பைலட்ஸ் கில்டைச் சேர்ந்தவர்கள் நோய் விடுப்பில் சென்றனர். நிர்வாகம் மருத்துவர்களை வீடுகளுக்கு அனுப்பியது. சங்கத்தின் அங்கீகாரத்தையும் பறித்தது. தில்லி உயர் நீதிமன்றம் அவ்விடுப்பைச் சட்டவிரோத வேலைநிறுத்தமாகக் கருதித் தடை விதித்தது. ஆயினும் போராட்டம் ஜூலை தொடக்கம்வரை, 58 நாட்கள் நீடித்தது. நூறுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர்.

இவ்விரு வழக்குகளிலும் முடிவைத் தந்தது மருத்துவச் சோதனை அன்று. எத்தனை பேர், எந்த நாளில், எந்தக் கோரிக்கைக்குப் பின் நோயுற்றனர் என்ற எண்ணிக்கையும் காலப்பொருத்தமுமே தீர்மானித்தன. நீதிமன்றங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் அந்நாட்களில் உண்மையிலேயே காய்ச்சலில் கிடந்த ஒரு விமானியை அந்த எண்ணிக்கையிலிருந்து பிரித்தெடுக்கும் வழி எதுவும் அதில் இல்லை.

பொய் நோயைத் தேடும் இந்த ஏற்பாட்டுக்கு மறைக்கப்பட்ட நோய் புலப்படுவதில்லை. 2015 மார்ச் 24 அன்று பார்சலோனாவிலிருந்து டுசல்டார்ஃப் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் மாண்டனர். அன்றைய தினத்துக்கும் அவருக்கு மருத்துவ விடுப்புச் சான்று தரப்பட்டிருந்தது. கிழிக்கப்பட்ட நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது. நிறுவனத்துக்கு அது தெரியாது. உரிமம் பறிபோனால் வருவாயும் போய்விடும் என்ற அச்சம் விமானிகளை மறைக்கத் தூண்டுகிறது என்பதைப் பிரெஞ்சு விசாரணை அமைப்பின் அறிக்கையும் கவனத்தில் கொண்டது. விடுப்புக் கேட்பவரை ஐயத்துடன் நோக்கும் நிர்வாகம் அந்த அச்சத்தைக் கூட்டவே செய்யும். இதை விமான நிறுவனங்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

இந்தியச் சட்டம் எண்ணிக்கையின் பாதையிலேயே மேலும் நடந்திருக்கிறது. 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், ஒரு தொழிலில் பணிபுரியும் தொழிலாளர்களில் 50 விழுக்காட்டினரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிப்பேசி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுப்பதை வேலைநிறுத்தம் என்றே வரையறுக்கிறது. மருத்துவ விடுப்பை அவ்வரையறை பெயர் சொல்லிக் குறிக்கவில்லை.