கான்ஸ்டபிள் சபானும் நினைவுச் சைக்கிள் பயணமும்



ஒவ்வோராண்டும் மார்ச் மாதம் 21ஆம் திகதியை இலங்கைப் பொலிஸ் திணைக்களம் பொலிஸ் வீரர் தினமாக அனுட்டித்து வருகின்றது. கடமையின்போது உயிர்நீத்தோருக்கு அன்று அஞ்சலி செலுத்தப்படுகின்றது. ஆண்டின் எத்தனையோ நாட்கள் இருக்க, இந்நாளைத் தெரிந்தெடுத்த காரணம் யாது? அதனை அறிய 1864ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும்.

அக்காலத்திலே கொழும்பையும் கண்டியையும் இணைத்த பெருவீதி, தேசாதிபதி பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசனின் முயற்சியால் அமைந்தது. அவ்வீதியிலே, மாவனல்லைக்கு அண்மையில், உத்துவான்கந்தை என்னும் குன்று உளது. அக்குன்றையும் அதன் குகைகளையும் அரணாகக் கொண்டு, வழிப்போக்கரின் வண்டிகளை மறித்துக் கொள்ளையிட்டு வந்தான் சரதியேல் என்பான். அவனுடைய நெருங்கிய தோழன் மம்மலி மரிக்கார். அரசாங்கம் அவர்களைப் பிடிப்பதற்குச் சன்மானம் அறிவித்தும் நெடுங்காலம் பயனில்லை.

1864 மார்ச் 21ஆம் திகதி, மாவனல்லையில் அவ்விருவரும் தங்கியிருந்த வீட்டைப் பொலிசார் வளைத்தனர். மரிக்காரின் துப்பாக்கிக்கு இரையாகிச் சாய்ந்தார் துவான் சபான் என்னும் கான்ஸ்டபிள். உதவி அரசாங்க அதிபர் சோண்டர்ஸ் படையினருடன் வந்துசேர்ந்த பின்னரே கொள்ளையர் பிடிபட்டனர். அதே ஆண்டு மே மாதம் 7ஆம் திகதி இருவரும் கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர். கடமையின்போது உயிரிழந்த முதலாவது இலங்கைப் பொலிஸ்காரர் என்று பதிவேட்டில் இடம்பெறுபவர் இந்தச் சபானே. மறு ஆண்டிலே, 1865இல், புதிய பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்தது. 1866 செப்டெம்பர் 3ஆம் திகதி இந்தியாவில் இரத்தினகிரிப் படைப்பிரிவை நடத்திய கம்பெல் என்பவர் இங்குப் பொலிஸ் தலைமையை ஏற்றார்.

இனி ஒரு விந்தையைக் கூறுவேன். சரதியேல் யார் என்று எந்த வகுப்பிலே கேட்டாலும் விடை வரும். செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்தான் என்று அவனைப்பற்றிக் கதையுண்டு, சிங்களத் திரைப்படமுண்டு. உத்துவான்கந்தையின் அடிவாரத்திலே அவன் பெயராற் சுற்றுலாக் கிராமமும் உண்டு. சபான் யார் என்று கேட்டாலோ வகுப்பு மௌனமாகிவிடும். கொள்ளையன் காவியமானான், கொல்லப்பட்டவர் ஒரு திகதியானார். மக்கள் கற்பனையின் போக்கு அது. அதனோடு வழக்காடிப் பயனில்லை. ஆயினும் ஒன்றை நோக்குமின். சபான் மலாய் இனத்தவர், இஸ்லாமியர். அவரைச் சுட்டவனும் இஸ்லாமியன். அவனுடைய தலைவன் சிங்களவன். இச்சாவை எந்த இனமும் தனக்கே உரித்தென்று கொண்டாட இயலாது. எந்த இனமும் அயலார் தலையிலே சுமத்தவும் இயலாது.

மலாய் மக்கள் ஒல்லாந்தர் காலத்திலே யாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரராகக் கொணரப்பட்டவரின் வழித்தோன்றல்கள். பிரித்தானியர் அவர்களைக் கொண்டே இலங்கை ரைபிள் படையைப் பெரிதும் நடத்தினர். 1873இல் அப்படை கலைக்கப்பட்டபின் பலர் பொலிசிலும் தீயணைப்புப் படையிலும் சேர்ந்தனர்.

இறந்தவரின் பெயர் வெறுந் திகதியாகக் குறுகாதிருக்க வழி யாது? இவ்வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ஒரு விடை கண்டனர். அந்நாட்டின் தலைநகராகிய வொஷிங்டனில், கடமையில் மாண்ட பொலிசாரின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சுவர் 1991இல் திறக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளின்பின், 1997 மே மாதத்தில், நியூ ஜேர்சி மாநிலத்துப் புளோரம் பார்க் என்னும் சிற்றூரின் பொலிஸ் அலுவலர் பற்றிக் மொன்ருவோரி என்பவர் முன்னின்று, 18 பேருடன் நான்கு நாட் சைக்கிள் பயணமாக அந்நினைவுச் சுவரை அடைந்தார். அவர்கள் திரட்டிய நிதி ஏறத்தாழ 18,000 டொலர். அப்பயணமே பொலிஸ் ஒற்றுமைப் பயணம் என வளர்ந்து, பிற்காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பல திசைகளிலிருந்து புறப்பட்டு மே 12ஆம் திகதி ஒருங்கே வந்துசேரும் பெருநிகழ்ச்சியாயிற்று. இங்கிலாந்திலும் இதனைப் பின்பற்றி, மாண்ட பொலிசாரின் குடும்பங்களுக்கு நிதி சேர்க்கும் சைக்கிள் பயணம் நடைபெறுகின்றது.

இப்பயணத்திலே என் மனத்தைக் கவர்ந்தது கூட்டத்தின் அளவன்று. ஒவ்வொருவரும் மாண்டார் ஒருவரின் பெயர் பொறித்த வளையத்தைக் கையிலே அணிந்து செல்கின்றார். ஒருவருக்கு ஒரு பெயர்! 'வீரர்கள்' என்று பன்மையிலே வணங்குவது எளிது. ஒரு பெயரை நூற்றுக்கணக்கான மைல் சுமந்து சென்றவர் அதனை மறத்தல் அரிது. மேலும், மோட்டார் வண்டியில் விரைபவரை எவரும் நிறுத்தி, 'எங்கே போகிறீர்?' என்று வினவுவதில்லை. வியர்வை வழியச் சைக்கிள் மிதித்து வருபவரைத் தேநீர்க் கடைக்காரரும் கேட்பார்.

இவ்வாறு சுமக்கத்தக்க பெயர்கள் நம் நாட்டிலே குறைவல்ல. 1971 ஏப்ரலில் கிளர்ச்சியாளர் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது மாண்டவர் உளர். 1990 ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்திலே சரணடைந்தபின் கொல்லப்பட்டோர் நூற்றுக்கணக்கினர். அவர்களுள் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர். பொலிசாரைப்பற்றி நம் மக்களின் நினைவு ஒரே நிறமுடையதன்று; காக்கியுடையைக் கண்டு அஞ்சிய காலமும் உண்டு. அதனை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆயினும் ஒருவருடைய பிழைக்காக வேறொருவருடைய மனைவி மக்களின் துயரத்தைப் புறக்கணித்தல் நீதியாகாது.

2017 ஜூலை 22ஆம் திகதி யாழ்ப்பாணத்து நல்லூரிலே, மேல் நீதிமன்ற நீதிபதி இளஞ்செழியன் சென்ற வழியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அவருடைய மெய்ப்பாதுகாவலராய்ப் பல ஆண்டு பணியாற்றிய சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர காயமுற்று உயிர்நீத்தார். தமிழ் நீதிபதி, அச்சிங்கள அலுவலரின் மனைவியின் காலடியிலே விழுந்து அழுத காட்சியை நாடே கண்டது. பிள்ளைகளின் பொறுப்பைத் தாமே ஏற்பதாகவும் அவர் கூறினார். நினைவுகூர்தல் என்பதற்கு இதனிலும் தெளிவான உரை எனக்குத் தெரியாது. கண்ணீரோடு அவர் நிற்கவில்லை; பிள்ளைகளின் படிப்பைப்பற்றிப் பேசினார்.

இங்கும் தொண்டர் சிலர் அத்தகைய பயணத்தை நடத்த முன்வருவாராயின், வழியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மாளிகாவத்தையிலே புறப்படலாம். அதனையடுத்த தெமட்டகொடையில், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஒரு வீட்டைச் சோதிக்கச் சென்ற பொலிசார் மூவர் குண்டுவெடிப்பில் மாண்டனர். அவ்விடத்தைக் கடந்து ஒருகொடவத்தை வழியே களனி ஆற்றுப் பாலத்தை அடைந்தால், அப்பாற் கண்டி வீதி. நிட்டம்புவை, வரக்காப்பொலை, கேகாலை, அதன்மேல் உத்துவான்கந்தை, மாவனல்லை. தூரம் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். கடுகண்ணாவை ஏற்றம் மாவனல்லைக்கு அப்பாலேயே உளது. ஆகவே பழகிய கால்களுக்கு ஒரு பகற்பொழுது போதும்.

முன்செல்பவர் வேகத்தை மட்டுப்படுத்தல் வேண்டும். கூட்டத்துள் மெதுவாக மிதிப்பவரின் வேகமே அனைவரின் வேகமாதல் நன்று. சில்லு பழுதானால் திருத்துவதற்கு ஒருவர் பின்னே வருதல் வேண்டும். வெயில் ஏறுமுன் வரக்காப்பொலையைக் கடத்தல் நலம். சேர்ந்த பணத்திலே ஒரு சதமேனும் விருந்துக்கும் மாலைக்கும் போகலாகாது. எந்தப் பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு எவ்வளவு சென்றது என்பதைக் கணக்கெழுதி வெளியிடல் வேண்டும். புறப்படும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெயர் இருக்கட்டும். முதலாவது வளையத்தில் துவான் சபான் என்று எழுதி, கூட்டத்தின் இளைய பிள்ளையிடம் அதனைக் கொடுக்கலாம்.