பூவிலைப் பெண்டு முதல் மாணிக்கமாலை வரை: தமிழகத்தில் பூத்தொடுக்கும் தொழிலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கிய ஆய்வுகளில் பூ என்பது திணையின் அடையாளமாகவோ பக்தியின் கருவியாகவோ பேசப்படும் அளவிற்கு விற்பனைப் பொருளாகப் பேசப்படுவதில்லை. பூவைத் தொடுத்தவர், விற்றவர் ஆகியோரின் தொழிலறிவையும் அத்தொழில் தெருவிலிருந்து கோயிலுக்கும் கோயிலிலிருந்து மீண்டும் சந்தைக்கும் நகர்ந்த வரலாற்றையும் இலக்கியம், கல்வெட்டு, இக்கால வணிக நடைமுறை ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பூவிலைப் பெண்டு, திருப்பள்ளித்தாமம், நந்தவனம், பிணையல், மாணிக்கமாலை.

முன்னுரை

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 பூக்களைத் தாவரவியல் நோக்கில் அடையாளங்காணும் முயற்சிகள் பல நிகழ்ந்துள்ளன. போந்தை, வேம்பு, ஆர் என்னும் மூவேந்தர் பூக்களைப் பற்றியும் வெட்சி முதலான புறத்திணைப் பூக்களைப் பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் அப்பூக்களைப் பறித்தவர் யார், எவ்வாறு தொடுத்தனர், விற்காமல் எஞ்சிய பூவின் இழப்பை யார் ஏற்றனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. சில மணி நேரத்தில் வாடிவிடும் ஒரு பொருளை மூலதனமாகக் கொண்ட தொழில், பிற கைத்தொழில்களைப் போல எச்சங்களை விட்டுச் செல்வதில்லை. பானைக்கு ஓடு உண்டு. மாலைக்கு அதுவும் இல்லை. எனவே இத்தொழிலின் வரலாற்றைச் சொற்களின் வழியே மீட்க வேண்டியுள்ளது.

தெருவில் விற்ற மகளிர்

சங்க நூல்கள் காட்டும் பூ வணிகம் பெரும்பாலும் மகளிர் கையில் இருந்தது. நற்றிணை 97ஆம் பாடலில் தண்டலை உழவரின் மகள் வண்டு சூழ்ந்த வட்டியில் பித்திகை மலரை ஏந்தி, வாங்குவீரோ எனக் கேட்டுத் திரிகிறாள். 118ஆம் பாடலில் புதுமலரைத் தெருத்தோறும் கூவி விற்பவள் தலைவிக்கு அயலாள். இருவரையும் பிரிவுத் துயரை மிகுவிக்கும் கருவிகளாகவே உரைகள் காண்கின்றன. தொழில் நோக்கில் காணும்போது வேறொன்று புலப்படுகிறது. முதலாமவள் தோட்டத்தார் மகள். விளைத்த குடும்பமே விற்கிறது, இடைத்தரகர் இல்லை. மதுரைக்காஞ்சியிலோ நரைத்த கூந்தலையுடைய முதுபெண்டிர் மணங்கமழும் பூவுடன் மனைதோறும் செல்கின்றனர். இளமகள், முதியவள் ஆகிய இருவருக்கும் இடமளித்த தொழில் என்பதை இவை ஒருசேரக் காட்டுகின்றன.

காலத்தைக் கணித்தலே இத்தொழிலின் முதலறிவு. நெடுநல்வாடையில் மழை மூடிய நாளில் பொழுது தெரியாத மகளிர், பூந்தட்டில் இட்டு வைத்த பிச்சி அரும்புகள் இதழ் அவிழும் மணத்தைக்கொண்டு மாலை வந்ததை அறிகின்றனர். இதனைக் கூதிர்க்கால வருணனையாகக் கொண்டு கடந்துவிடுவதே வழக்கம். அரும்பாகப் பறித்து, சூடும் நேரத்தில் மலரும்படி செய்யும் நடைமுறை அன்றே நிலைபெற்றிருந்ததற்கு இதுவே சான்று. இன்று மதுரை மல்லியை விடியுமுன் மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் உழவரின் கணக்கும் இதுவேயாகும்.

இழப்பு எவர் மேல் விழும் என்பதற்குப் புறநானூறு 293ஆம் பாடல் கூர்மையான சான்று. நொச்சி நியமங்கிழார் பாடிய இப்பாடலில் போருக்குப் புறப்படும் வீரர் பூக்கொள்ளுமாறு பறை அறிவிக்கிறது. அச்சூழலில் ஒரு குரல் பூவிலைப் பெண்டை எண்ணி இரங்குகிறது. இவள் பிறர் மனைகளுக்குச் செல்ல நேருமோ என அஞ்சுகிறது. கணவர் போர்மேற் சென்ற மனைகளில் மகளிர் பூச்சூடார். அரசன் பூ வழங்கும் அதே நாளில் பூ விற்பவளின் வாழ்க்கை முடங்குகிறது. போரின் விளைவை ஒரு சிறுவணிகரின் வருவாய் இழப்பால் அளந்த பாடல்கள் சங்க இலக்கியத்தில் மிகுதியாக இல்லை. 2020ஆம் ஆண்டின் பொது முடக்கத்தில் கோயில்களும் திருமண மண்டபங்களும் மூடப்பட்டபோது பூக்காரர்கள் அடைந்த நிலையை அறிந்தவர்க்கு இப்பாடல் புதிதாக ஒலிக்கும்.

தொடுப்பின் நுட்பம்

சூடுபவரையும் அமைப்பையும் பொறுத்து மாலையின் பெயர் வேறுபட்டது. தலையிற் சூடுவது கண்ணி, மார்பில் அணிவது தார், மகளிர்க்குரியது கோதை. சிலப்பதிகார வேனிற்காதையில் மாதவி கோவலனுக்கு அனுப்பிய மாலை குருக்கத்தி, சண்பகம், கருமுகை, மல்லிகை, செங்கழுநீர் முதலியவற்றை இணைத்துத் தொடுக்கப்பட்டது. இடையே தாழை மடலைச் செய்தி எழுதும் ஓலையாக்கினாள். மணமும் நிறமும் மட்டுமன்றிச் செய்தியையும் ஏற்கும்படி ஒரு மாலையை வடிவமைத்த கலைத்திறன் இது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் தொடுக்கும் மாலை மீது மணிமேகலையின் கண்ணீர் விழுகிறது; தூய்மை கெட்டதெனக் கருதிய மாதவி புதுமலர் கொண்டுவரச் சொல்கிறாள். பொருளின் தரம் பற்றிய கண்டிப்பு இங்கு ஒழுக்க விதியாகவே உருவெடுக்கிறது.

இத்தொழிலின் கலைச்சொற்கள் செறிந்து கிடக்கும் இடம் பெரியபுராணத்தின் முருக நாயனார் புராணம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார், திருப்புகலூரில் இந்நாயனார் ஆற்றிய பணியைத் தொழிலாளியின் கண்கொண்டு விவரிக்கிறார். விடியுமுன் எழுந்து நீராடிப் பூப்பறித்தல், கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ எனத் தெரிந்தெடுத்தல், தனியிடத்தில் அமர்ந்து தொடுத்தல், அந்தந்தப் பூசைக் காலத்திற்கேற்ப ஆயத்தம் செய்தல் என வேலையின் வரிசை குலையாமல் அமைகிறது. குறிப்பாக வினைச்சொற்கள் கவனத்திற்குரியவை. கோவை கோக்கப்படுவது, மாலை இணைக்கப்படுவது, கண்ணி தண்டில் கட்டப்படுவது, பிணையல் தாளில் பிணைக்கப்படுவது. இண்டை, தாமம், தொங்கல் ஆகியவை இவற்றிற்கு வேறானவை. பூவின் உறுப்பில் எப்பகுதியைப் பற்றித் தொடுப்பது என்பதே வகைப்பாட்டின் அடிப்படை. உரையாசிரியர்கள் பல இடங்களில் இவையனைத்தையும் ‘மாலை’ என்று பொதுப்படக் கூறிச் செல்வதால் ஒரு கைத்தொழிலின் இலக்கணமே மறைந்துபோகிறது.

கோயிலும் நந்தவனமும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் இறைவனுக்குரிய மாலை ‘திருப்பள்ளித்தாமம்’ எனப்படுகிறது. நந்தவனம் அமைக்கவும், அதில் உழைப்பார்க்கும் பூப்பறிப்பார்க்கும் தொடுப்பார்க்கும் வாழ்வளிக்கவும் நிலக்கொடைகள் வழங்கப்பட்டன. அந்நிலம் நந்தவனப்புறம் எனப்பட்டது. ஊதியம் நெல்லாகவோ நிலத்தின் விளைவாகவோ அமைந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளோ திருமஞ்சன நீருக்கான ஏலம், சண்பக மொட்டு முதலியவற்றிற்குக் காசு முதலீடு செய்யப்பட்டு அதன் வட்டியிலிருந்து செலவிட்டதைக் கூறுகின்றன.

இம்மாற்றம் தொழிலின் அடிப்படையையே திருப்பியது. தெருவில் விற்றவள் ஏற்ற இழப்பு இங்கு இல்லை. நாள்தோறும் நிச்சயமான தேவை, நிச்சயமான ஊதியம். ஆயினும் எவருக்காக, எவ்வளவு, எவ்வகைப் பூ என்பதைத் தொடுப்பவர் தீர்மானிக்கும் உரிமையும் இல்லை. வாங்குவீரோ எனக் கேட்ட மகளிரின் குரல் இக்கல்வெட்டுகளில் ஒலிப்பதில்லை. பெரியாழ்வார், தொண்டரடிப்பொடியாழ்வார், முருக நாயனார் ஆகியோர் தொண்டாகச் செய்ததால் அவர்தம் பெயர்கள் நின்றன. நெல்லுக்காக அதே வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பணியின் பெயராலேயே குறிக்கப்பட்டனர். தொண்டு என்னும் உயர்வு கூலித் தொழிலின் மதிப்பை உயர்த்தவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

மீண்டும் சந்தைக்கு

இன்றைய திருமண மாலையில் இடம்பெறும் பூக்களுள் சில குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலில் இருக்கவே முடியாது. நிலச்சம்பங்கியும் துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டவை. ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே இங்கு வந்தவை. எனினும் அவை தடையின்றிக் கோயிலுக்குள்ளும் நுழைந்தன. தொடுப்பவர்கள் புதிய பூவைப் பழைய பிணையலுக்குப் பழக்கிக் கொண்டதே இதற்குக் காரணம். சென்னையில் பத்ரியன் தெருவில் நெருக்கமாக நடந்த மொத்த வணிகத்திற்காக 1996இல் கோயம்பேட்டில் பெருஞ்சந்தை திறக்கப்பட்டது. தை மாத முகூர்த்தங்களில் தேவை உயரும் வேளையில் பனியால் மல்லிகை விளைச்சல் குறைகிறது; விலை பன்மடங்கு ஏறுகிறது. அவ்வேற்றத்தின் பயன், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கூலிக்குத் தொடுக்கும் பெண்களை அரிதாகவே எட்டுகிறது. வணிகர் உதிரிப்பூவை எடையால் வாங்குகிறார். வாங்குபவர் சரத்தை முழத்தால் பெறுகிறார். எடை முழமாக மாறும் இடத்தில் இருப்பது அப்பெண்களின் விரல்கள்.

2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது மண்ணுக்கும் பூவுக்குமான ஏற்பு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையின் மாணிக்கமாலைக்கு 2025இல் கிடைத்த குறியீடு தன்மையால் வேறுபட்டது. அரளிப் பூக்களையும் நொச்சி இலையையும் மடித்து, பாய் முடைவது போலத் தட்டையாகப் பின்னி, மணிகள் பதித்த தோற்றம் தரும் இம்மாலையில் பூக்கள் அரியவை அல்ல; மடிப்பே அரியது. திருவிதாங்கூர் மரபோடும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலோடும் தொடர்புடைய இம்மாலையைத் தோவாளையில் குடும்பங்கள் வழிவழியாகத் தொடுத்து வருகின்றன. சேக்கிழார் வினைச்சொற்களால் பிரித்துக் காட்டிய கைவேலை, விளைபொருளிலிருந்து வேறாகச் சட்டத்தின் ஏட்டில் பதிவாகியிருப்பது இம்மாலையின் வழியாகவே. அக்குறியீட்டிலும் ஊரின் பெயர் உண்டு. தொடுப்பவர்க்குரிய கூலி பற்றிய விதி அதன் எல்லைக்குள் வருவதில்லை.