தேக்காவும் சௌரஸ்தாவும்

கேமரன் மலையில் பறித்த முட்டைக்கோசும் கீரையும் தெற்கே இறங்கினால் சிங்கப்பூரின் தேக்காவுக்கு வரும். வடக்கே போனால் பினாங்கின் சௌரஸ்தாவுக்கு வரும். இரண்டும் மீன், கறி, காய்கறி விற்கும் ஈரச்சந்தைகள். இரண்டிலும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக விற்றும் வாங்கியும் வருகிறார்கள். பெரிய வேறுபாடு, சந்தையை ஒட்டிய சாப்பாட்டுக் கடைகள் எங்கே நிற்கின்றன என்பதில்தான்.

சௌரஸ்தா மூத்தது, 1890-இல் தொடங்கியது. தேக்காவின் பழைய சந்தை 1915-இல் எழுந்தது. 1982-இல் அது சிராங்கூன் சாலையின் எதிர்ப்புறத்திலுள்ள இன்றைய கட்டடத்துக்கு மாறியது. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் அரசு பெரிய முடிவு ஒன்றை நிறைவேற்றிக்கொண்டிருந்தது. தெருவோர உணவு வியாபாரிகளுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை, கழிவு சாக்கடைக்குப் போனது, வயிற்றுநோய்கள் பரவின. 1968-69இல் அவர்களைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தார்கள். 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டி, தெருவில் இருந்தவர்களைக் கூரைக்குள் குடியேற்றினார்கள். அங்கே வளர்ந்த உணவங்காடிப் பண்பாட்டைத்தான் 2020-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தேக்காவின் பலம், உணவங்காடியும் சந்தையும் ஒரே தரைத்தளத்தில் இருப்பது. ஆட்டுக்கறியை வெட்டி வாங்கிக்கொண்டு சில அடி நடந்தால் பிரியாணிக் கடை. முருங்கைக்காய், வாழைப்பூ, வாழையிலை எல்லாம் கிடைக்கும். காய்கறி விற்கும் சீனர் தமிழிலேயே விலை சொல்வது அங்கே அதிசயமில்லை. இடியாப்பத்தைத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவித் தின்றுகொண்டே, பக்கத்து மேசையில் மீன் பையோடு உட்கார்ந்திருக்கும் மலாய்க் குடும்பத்தைப் பார்க்கலாம். சமைப்பவர், விற்பவர், வாங்குபவர் மூவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி அமைந்த இடம் அது.

சௌரஸ்தாவில் கட்டடம் பெரும்பாலும் சந்தைக்குத்தான். ஜாதிக்காய், மாங்காய் ஊறல்கள் வாங்கவும் அங்கே கூட்டம் வரும். மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. சந்தைக்குப் போனவர் ஒரு நாவலோடும் திரும்பலாம். பெயர்பெற்ற சாப்பாட்டுக்கோ வெளியே வரவேண்டும். பக்கத்திலேயே தமிழ்த் தெரு, அங்கே நாசி கண்டார். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் குழம்பையும் கழியின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்ற உணவு இது. சற்றுத் தள்ளிச் சந்தில் செண்டோல் என்னும் குளிர்ந்த இனிப்பை விற்கும் வண்டி. கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நின்றே குடிக்கிறார்கள். வெயில், புகை, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் நடுவே கிடைக்கும் அந்தச் சுவைக்கு ஒரு துடிப்பு இருக்கிறது. தேக்காவின் மின்விசிறிக் காற்றில் அது கிடைப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் துடிப்புக்கான விலையைக் கொடுப்பவர் விற்பவர். மழை வந்தால் அன்றைய வியாபாரம் போச்சு. கை கழுவக் குழாய் இல்லாத கடையில் வாளித் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்குக் கழிப்பறை எங்கே என்று சாப்பிடுபவர் யோசிப்பதில்லை. தெருவில் தின்பதுதான் உண்மையான சுவை என்று எழுதுகிறவர்கள் அடுப்புக்குப் பின்னால் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும்.

கூரைக்கும் குறை உண்டு. தெருவிலிருந்து வந்த முதல் தலைமுறைக்குச் சிங்கப்பூர் சலுகை வாடகை தந்தது. பின்னால் வந்தவர்கள் ஒப்பந்தப்புள்ளியில் விலை குறித்துத்தான் கடை எடுக்கிறார்கள். கைப்பக்குவம் இருந்தும் வாடகைக்கு அஞ்சி ஒதுங்கும் இளைஞருக்கு அந்தச் சலுகை இன்றும் தேவை.

என் தீர்ப்பு தேக்காவின் பக்கம். பினாங்கு தன் தெருக் கடைகளை மூடவேண்டாம், தொலைவுக்குத் துரத்தவும் வேண்டாம். நிற்கும் இடத்திலேயே குழாயும் வடிகாலும் நிழலும் தரட்டும். நீங்கள் இந்த இரண்டு ஊர்களில் எதற்குப் போனாலும் காலையிலேயே சந்தைக்குப் போய்விடுங்கள். மதியத்துக்குள் மீன்கடைகள் பலவும் மூடிவிடும். சிங்கப்பூரில் திங்கட்கிழமையைத் தவிருங்கள், அன்று பல கடைகளுக்கு விடுமுறை.