முதலில்லாத இளைஞரும் மக்கத்துச் சந்தையும்

 

மத்ரஸாவில் நம்மிடம் ஓதிச் சென்ற பிள்ளைகள் சில ஆண்டுகள் கழித்து நம்மைத் தேடி வருவதுண்டு. "ஹஜ்ரத், சொந்தமாகக் கடை வைக்க விரும்புகிறேன். கையில் முதல் இல்லை. நம்பித் தருவாரும் இல்லை. வட்டிக்கு வாங்கலாமா?" என்று கேட்பார்கள். கூடாது என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் கவலை அத்துடன் தீர்ந்துவிடுமா? இக்கேள்வியுடன் நாம் மக்கத்துச் சந்தையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

மக்கா வேளாண்மைக்கு வழியில்லாத பள்ளத்தாக்கு. வணிகமே அவ்வூரின் உயிர்மூச்சு. குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் குறைஷியரின் வணிகக் கூட்டங்கள் சென்றன. இப்பயணங்களை அல்லாஹ் திருக்குர்ஆனின் 106ஆம் அத்தியாயத்தில் நினைவூட்டுகின்றான். ஒட்டகம், சரக்கு, வழிச்செலவு என்று பெரும்பணம் தேவைப்பட்ட தொழில் அது. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எளிது. அநாதையாக வளர்ந்த ஓர் இளைஞருக்கு?

நம் நபி (ஸல்) அவர்கள் அத்தகைய இளைஞராகவே இருந்தார்கள். பிறக்கும் முன்பே தந்தையையும், ஆறு வயதளவில் தாயையும் இழந்தார்கள். பொறுப்பேற்ற பெரிய தந்தை அபூதாலிபோ பெரிய குடும்பத்தையும் குறைந்த வருவாயையும் உடையவர். சில கீராத்துகள் கூலிக்கு மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்ததைப் பின்னாளில் நபியவர்களே கூறியுள்ளார்கள்; புகாரியில் அச்செய்தி இடம்பெறுகின்றது. பிறருடைய பொருளைப் பொறுப்புடன் காத்து, மாலையில் குறைவின்றி ஒப்படைக்கும் பயிற்சி அவர்களுக்கு அங்கேயே கிடைத்தது. பன்னிரண்டு வயதளவில் அபூதாலிபுடன் ஷாம் நோக்கிப் பயணம் சென்றதையும் ஸீரா நூல்கள் கூறுகின்றன.

சந்தையில் மற்றோர் இடரும் இருந்தது. யமனைச் சேர்ந்த வணிகர் ஒருவரிடம் மக்கத்துப் பெரும்புள்ளியான ஆஸ் பின் வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுத்தார். ஆதரவற்ற அவ்வணிகர் அபூகுபைஸ் மலைமீதேறி நியாயம் கேட்டார். அதன்பின் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் இல்லத்தில் சிலர் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவருக்குத் துணைநிற்பதாக உடன்படிக்கை செய்தனர். அதுவே 'ஹில்ஃபுல் ஃபுளூல்'. அந்த வணிகரின் பொருளும் மீட்கப்பட்டது. நபியவர்கள் ஏறத்தாழ இருபது வயதில் அதில் பங்கேற்றார்கள். கடனுக்குச் சரக்கு கொடுத்துவிட்டுப் பாக்கிக்காக அலையும் சிறு வணிகர்களுக்கு இதன் அருமை நன்கு புரியும்.

கூட்டு வணிகத்திலும் நபியவர்கள் ஈடுபட்டார்கள். அபூதாவூதில் உள்ள அறிவிப்பின்படி, அக்காலக் கூட்டாளியான ஸாயிப் (ரலி) அவர்கள் பிற்காலத்தில், நபியவர்கள் சச்சரவு செய்யாத சிறந்த கூட்டாளியாக இருந்தார்கள் என்று சான்றளித்தார்கள். பழகியவர் பல்லாண்டுகள் கழித்துத் தரும் இத்தகைய சான்றைவிட மேலான முதல் எது?

அந்த நற்பெயரே கதீஜா (ரலி) அவர்களை எட்டியது. வசதிமிக்க வணிகரான அவர்கள், தம் பொருளைப் பிறரிடம் கொடுத்து இலாபத்தில் பங்களித்து வணிகம் செய்வித்து வந்தார்கள். இருபத்தைந்து வயதளவில் இருந்த நபியவர்களை அழைத்து, மற்றவர்களுக்குத் தருவதைவிடக் கூடுதலாகத் தர முன்வந்து, பணியாளர் மைஸராவையும் உடன் அனுப்பினார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஷாம் பயணம் நல்ல இலாபத்துடன் முடிந்தது.

இம்முறையையே நம் ஃபிக்ஹ் நூல்கள் 'முளாரபா' என்கின்றன. ஒருவர் பணம் தருவார், மற்றவர் உழைப்பார். இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பகிர்ந்துகொள்வர். உழைப்பவரின் கவனக்குறைவோ ஒப்பந்த மீறலோ இன்றி நட்டம் ஏற்பட்டால், பணம் தந்தவர் பணத்தையும் உழைத்தவர் உழைப்பையும் இழப்பர். வட்டிக்குத் தருபவரோ கடை மூழ்கினாலும் தம் பங்கைக் கேட்டு வாசலில் நிற்பார்.

இளைஞர்களே! ஆடு மேய்த்த நாள்களிலேயே அமானிதம் தொடங்கிவிட்டது. இன்று நீங்கள் வேலை செய்யும் கடையின் கல்லாப்பெட்டியே நாளை உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.

பெரியவர்களே! மகளின் திருமண மண்டபத்திற்கு இலட்சங்களைச் செலவிடும் நாம், மஹல்லாவின் நேர்மையான ஓர் இளைஞரை நம்பி எவ்வளவு கொடுத்திருக்கிறோம்? நம்மில் பலர் இழப்பை அஞ்சிக் கையை மூடிக்கொள்கிறோம். அவரோ வட்டிக்கடையை நாடுகிறார். அப்பாவத்தில் நமக்குப் பங்கில்லை என்று கூற நம்மால் இயலுமா? எழுதி, சாட்சி வைத்து, கணக்குக் கேட்டுக் கொடுப்போம். மைஸரா உடன் சென்றதுபோல அனுபவமுள்ள ஒருவரைத் துணைக்கும் அனுப்புவோம்.

வல்ல அல்லாஹ் நம் இளைஞர்களின் வணிகத்தில் பரக்கத் செய்வானாக! நம் செல்வத்தை அவர்களுக்குத் துணையாக்குவானாக! ஆமீன்.