திறப்பு எங்களிட்ட, பொறுப்பு யாரிட்ட?

டொரன்டோவிலயோ லண்டனிலயோ இருக்கிற சொந்தக்காரரிட்ட "செல்ஃப் ஸ்டோரேஜ்" எண்டு கேட்டுப் பாருங்கள், உடனே விளங்கும். மாத வாடகைக்கு ஒரு சின்ன அறை. வீடு மாறும்போதோ, ஒருவர் இறந்த பிறகு அவரின் அலுமாரியை என்ன செய்வதெண்டு தெரியாதபோதோ சாமான்களைக் கொண்டுபோய்ப் பூட்டி வைக்கலாம். பூட்டும் உங்கட, திறப்பும் உங்கட. ஆனால் உள்ளே இருக்கிறதுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வி அந்தத் தொழிலைவிடப் பழையது.

1942 பெப்ரவரி 19 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் இலக்க நிறைவேற்று ஆணையில் கையெழுத்திட்டார். அதன் பின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள். சில நாட்கள்தான் அவகாசம். கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டுபோகலாம். அப்ப பியானோவை, தையல் மெஷினை, கலியாணப் படங்களை எங்க வைக்கிறது? எங்கட ஆக்களுக்கு இந்தக் கேள்வியை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அரசாங்கம் ஒரு வழி சொன்னது. ஐஸ் பெட்டி, சலவை மெஷின், பியானோ போன்ற பாரமான பொருட்களைக் களஞ்சியத்தில் வைத்துத் தருவோம், ஆனால் இழப்புக்கு உரிமையாளரே முழுப்பொறுப்பு. சுவர்களில் ஒட்டிய வெளியேற்ற அறிவித்தலிலேயே இந்த நிபந்தனை இருந்தது. தங்களை வெளியேற்றிய அரசாங்கத்தையே நம்பிச் சாமானைக் கொடுக்கக் கனபேர் தயங்கினார்கள். கிடைத்த விலைக்கு வித்தார்கள், அயலவரிடம் விட்டார்கள், கோயில்களிலும் தேவாலயங்களிலும் அடுக்கினார்கள். திரும்பி வந்தபோது பல இடங்கள் உடைக்கப்பட்டுக் களவு போயிருந்தன.

சியாட்டில் நகரின் பனாமா ஹோட்டல் இதில் வேறு மாதிரி. 1910இல் கட்டப்பட்ட அந்த ஹோட்டலின் அப்போதைய உரிமையாளர் டகாஷி ஹோரி. அயலில் இருந்த குடும்பங்கள் தங்கட பெட்டிகளை அதன் நிலவறையில் விட்டுப் போயின. ஹோரியும் முகாமுக்குப் போகவேண்டி வந்தது. போர் முடிந்த பிறகு சிலர் வந்து எடுத்தார்கள், பலர் வரவேயில்லை. அப்படி மிஞ்சிய பெட்டிகள் பல பதிற்றாண்டுகளாக அங்கேயே கிடந்தன. பின்னர் அந்த ஹோட்டலின் தேநீர்க்கடைத் தரையில் கண்ணாடி பதித்தார்கள். அதனூடாகக் குனிந்து பார்த்தால் பெட்டிகள் தெரியும்.

1948இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. கேட்கப்பட்ட தொகை ஏறத்தாழ 148 மில்லியன் டொலர், கொடுக்கப்பட்டது ஏறத்தாழ 37 மில்லியன். சாமான் இருந்ததுக்கு ஆதாரம் கேட்டார்கள். முகாமுக்குப் போனவர்களிட்ட பற்றுச்சீட்டு எங்கால?

இன்றைய செல்ஃப் ஸ்டோரேஜ் இதுக்குப் பிறகுதான் பரவியது. 1960களில் டெக்சாஸின் ஒடெசாவில் ரஸ் வில்லியம்ஸ் என்பவர் கராஜ் போன்ற அறைகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டார். நீங்களே வையுங்கள், நீங்களே பூட்டுங்கள், திறப்பை நீங்களே கொண்டுபோங்கள் என்பதையே கடைக்குப் பெயராக வைத்தார். அந்தப் பெயருக்குள் ஒரு சட்ட மாற்றமும் இருந்தது. பழைய களஞ்சியக்காரர் உங்கட சாமானைத் தன் பாதுகாப்பில் ஏற்றுப் பற்றுச்சீட்டுத் தருவார். புதியவர் இடத்தை மட்டுமே தருவார். திறப்போடு பொறுப்பும் உங்கட பக்கம் வந்துவிட்டது.

வாடகை நின்றால்? பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் அறிவித்தல் அனுப்பிவிட்டு அறையில் உள்ளதை ஏலம் விடலாம். சிகாகோவில் பிள்ளை பார்க்கும் வேலை செய்த விவியன் மையரின் அறைகளுக்கு 2007இல் அதுதான் நடந்தது. வாடகை கட்டப்படாததால் பெட்டிகள் ஏலம் போயின. உள்ளே இருந்தவை அவர் வாழ்நாள் முழுக்க எடுத்து யாருக்கும் காட்டாமல் வைத்த புகைப்படங்கள். அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். 2009இல் இறந்த பிறகுதான் உலகம் அவரைப் பெரிய புகைப்படக் கலைஞர் என்றது.

ஆகவே ஓர் அறை எடுக்கப் போறீங்கள் எண்டால் விலையையும் அளவையும் மட்டும் பார்க்காதையுங்கோ. முதலில் நேரில் போய்ப் பாருங்கள். சுவரில் ஈரக்கசிவு, எலி எச்சம், தரைமட்டத்தில் வெள்ளம் வரும் வாய்ப்பு எல்லாம் கண்ணுக்கே தெரியும். ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை வடிவாக வாசியுங்கள்: இழப்புக்கு யார் பொறுப்பு, வாடகையை எப்போது கூட்டலாம், எத்தனை நாள் பிந்தினால் ஏலம். காப்புறுதி தனியாக எடுக்க வேணுமோ எண்டு கேளுங்கள். விலாசமோ தொலைபேசி இலக்கமோ மாறினால் உடனே அறிவியுங்கள், இன்னொருவரின் இலக்கத்தையும் கொடுங்கள். அறிவித்தல் பழைய விலாசத்துக்குப் போவதால்தான் கனபேருக்குப் பிரச்சினை. வைக்கும் ஒவ்வொன்றையும் படமெடுத்து, பட்டியலை வேறிடத்தில் வையுங்கள். 1948இல் கேட்ட ஆதாரம் அதுதான்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கிற படங்கள் ஆகியவற்றை அங்கே வைக்காதீர்கள். ஒரு பழைய மேசை ஏலம் போனால் இன்னொன்று வாங்கலாம். அம்மம்மாவின் கலியாணப் படம் போனால், அதை ஏலத்தில் எடுத்தவருக்கு அவ யாரெண்டே தெரியாது.